டார்கோவுக்குக் கிடைக்காத நிமிடங்கள்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2003ஆம் ஆண்டு டிராஃப்டில் முதல் ஐந்து இடங்களில் அழைக்கப்பட்டவர்கள் லெப்ரான் ஜேம்ஸ், டார்கோ மிலிச்சிச், கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். லெப்ரான் பின்னாளில் லீகின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் குவித்தவர் ஆனார். கார்மெலோ, பாஷ், வேட் மூவரும் கூடைப்பந்தின் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டாவதாக அழைக்கப்பட்டவரோ 27 வயதில் என்பிஏவை விட்டு விலகி, சொந்த நாடான செர்பியாவுக்குத் திரும்பிப் பழத்தோட்டம் போட்டார்.

டிராஃப்டில் ஏமாந்த கதைகளை யார் எப்போது பட்டியல் போட்டாலும் டார்கோவின் பெயர் முதல் சில வரிகளுக்குள் வந்துவிடும். அந்தப் பட்டியல்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான்: கார்மெலோவை விட்டுவிட்டு இந்தப் பையனை எப்படி எடுத்தார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட அடிப்படையான ஒன்றை யாரும் கேட்பதில்லை. 18 வயதில் வந்து இறங்கியவனுக்கு அடுத்த இரண்டரை ஆண்டுகளில் களத்தில் எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? டார்கோவின் கதையில் பெரும்பகுதிக்கு அதில்தான் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கு முதலில் டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நமக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தில் பையில் பணம் இருக்கும் அணி கையை உயர்த்தலாம். டிராஃப்டில் பணத்துக்கு வேலையில்லை, வரிசைதான் எல்லாம். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருக்கும்படி ஒரு குலுக்கல் நடத்துவார்கள். பலவீனமான அணிகளைத் தூக்கிவிடுவதற்கான ஏற்பாடு இது. கூடவே இன்னொரு நன்மையும் நடக்கிறது. தோற்கும் அணியில் ஆட்டக்காரர் பஞ்சம் இருக்கும். அதனால் புதிதாக வரும் இளைஞனுக்கு முதல் நாளே களத்தில் இடம் உண்டு. அவன் தப்பு செய்வான், அணி தோற்கும்; ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த அணி என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். அந்தத் தோல்விகளுக்கு நடுவே அவன் தொழிலைக் கற்றுக்கொள்வான். லெப்ரான் போய்ச் சேர்ந்த கிளீவ்லாந்து, முந்தைய பருவத்தின் 82 ஆட்டங்களில் 17இல் மட்டும் வென்ற அணி. கார்மெலோவை எடுத்த டென்வருக்கும் அதே 17 வெற்றிகள்தான்.

டார்கோவை எடுத்த டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்களில் வென்று, கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போயிருந்தது. அத்தனை பலமான அணிக்கு இரண்டாவது இடம் எப்படிக் கிடைத்தது என்பதே ஒரு தனிக் கதை.

1997இல் வான்கூவர் கிரிஸ்லீஸ் அணி, வயதான ஆனால் அனுபவசாலியான ஓட்டிஸ் தோர்ப்பை டெட்ராய்ட்டிடமிருந்து வாங்கியது. பதிலுக்கு, பின்னால் ஏதோ ஓராண்டின் டிராஃப்டில் தன்னுடைய முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொண்டது. தோர்ப் வான்கூவரில் ஒரு பருவம்கூட முழுதாக நிலைக்கவில்லை; அடுத்த பிப்ரவரியிலேயே வேறு அணிக்குப் போய்விட்டார். கடன் மட்டும் நின்றது. அணி வான்கூவரைக் காலி செய்துகொண்டு மெம்ஃபிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகும் அது கூடவே வந்தது. 2003இல் அதைத் தீர்க்க வேண்டியிருந்தது. குலுக்கலில் முதலிடம் விழுந்தால் மட்டும் மெம்ஃபிஸ் தேர்வைத் தானே வைத்துக்கொள்ளலாம். அன்று கடைசிவரை பெயர் வெளியாகாமல் நின்ற இரண்டு அணிகள் கிளீவ்லாந்தும் மெம்ஃபிஸும். ஓர் உறை பிரிந்தால் லெப்ரான் ஜேம்ஸ், மற்றொன்று பிரிந்தால் ஒன்றுமில்லை. முதலிடம் கிளீவ்லாந்துக்குப் போனது. மெம்ஃபிஸ் வெறுங்கையோடு திரும்ப, இரண்டாம் இடம் டெட்ராய்ட்டின் மடியில் வந்து விழுந்தது.

தோர்ப் கைமாறியபோது டார்கோவுக்கு 12 வயது. அவர் எந்த ஊருக்குப் போய் எந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறார் என்பது ஒருவகையில் அப்போதே முடிவாகிவிட்டது.

டார்கோ 1985 ஜூன் 20 அன்று டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள நோவி சாட் நகரில் பிறந்தார். யூகோஸ்லாவியா துண்டு துண்டாகிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்த தலைமுறை அவருடையது. 1999இல் நேட்டோ விமானங்கள் அந்த ஊரின் டான்யூப் பாலங்களைத் தகர்த்தபோது அவருக்கு 13 வயது. பதின்ம வயதின் நடுவிலேயே வீட்டை விட்டு, ருமேனிய எல்லை அருகே உள்ள வர்ஷாட்ஸ் நகரின் ஹெமோஃபார்ம் அணிக்கு ஆடப் போனார். அந்த ஊர் மருந்து நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய நடுத்தரமான தொழில்முறை அணி அது. ஏழடி உயரம், இடது கைப் பழக்கம், அந்த உயரத்துக்கு வியப்பூட்டும் கால் வேகம், வெளியே நின்றும் பந்தைக் கூடையில் போடும் திறமை. இவை பொய்யாகச் சேர்க்கப்பட்ட பெருமைகள் அல்ல. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் பார்த்தவர்கள் மிகச் சிலர்தான். 2003இல் யூடியூப் கிடையாது. அது வந்ததே 2005இல். செர்பிய லீக் ஆட்டத்தை அமெரிக்காவில் யாரும் தொலைக்காட்சியில் பார்க்கவில்லை. அணிகளின் தேர்வாளர்கள் விமானம் ஏறிப் போய்ச் சில ஆட்டங்களைப் பார்த்தார்கள், தனிப் பயிற்சி அமர்வுகளில் அளந்தார்கள். தனிப் பயிற்சியில் எதிரே தடுக்க ஆள் கிடையாது, கத்தும் கூட்டம் கிடையாது, பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கும் நெருக்கடி கிடையாது. உயரமும் உடல்வாகும் மட்டும் பளிச்சென்று தெரியும். மீதியைப் பார்ப்பவரின் கற்பனைதான் நிரப்பிக்கொள்ளும்.

கற்பனைக்குத் தீனி போட அந்தக் காலகட்டம் தோதாக அமைந்துவிட்டது. 2002இல் இண்டியானாபோலிஸில் நடந்த உலகக் கோப்பையில், சொந்த மண்ணிலேயே அமெரிக்கா ஆறாம் இடத்துக்குச் சரிந்தது. அதைத் தோற்கடித்த அணிகளில் ஒன்றான யூகோஸ்லாவியா கோப்பையை வென்றது. டாலஸில் ஜெர்மனிக்காரர் டிர்க் நோவிட்ஸ்கி நட்சத்திரமாகிக்கொண்டிருந்தார். ஸ்பெயினின் பாவ் கசோல் 2002இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். அதே ஆண்டு சீனாவின் யாவ் மிங் டிராஃப்டில் முதலிடம். அடுத்த நோவிட்ஸ்கியைக் கண்டுபிடிக்காமல் போய்விடுவோமோ என்ற பயம் எல்லா அணி அலுவலகங்களிலும் இருந்தது. 2002இல் ஐந்தாம் இடத்தில் டென்வர் எடுத்த ஜார்ஜியா நாட்டு இளைஞர் நிக்கோலோஸ் ட்ஸ்கிட்டிஷ்விலி அந்தப் பயத்தின் முதல் பலி. ஆனால் அவர் தடுமாறுவது முழுதாகத் தெரிவதற்குள் அடுத்த டிராஃப்ட் வந்துவிட்டது.

டெட்ராய்ட்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜோ டூமார்ஸ் இந்தத் தேர்வுக்காக இன்றுவரை ஏச்சு வாங்குகிறார். அன்றைய நிலையில் அது பைத்தியக்காரத்தனமான முடிவு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது வெளியான கணிப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் இடத்தில் டார்கோவையே வைத்திருந்தன. கார்மெலோ சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு முதலாம் ஆண்டிலேயே தேசியக் கோப்பையை வென்று தந்தவர்தான். ஆனால் அவர் ஆடும் இடத்தில் டெட்ராய்ட்டுக்கு டேஷான் பிரின்ஸ் என்ற இளைஞர் கிடைத்திருந்தார். உயரமான ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும், அவசரமில்லை, மெதுவாக வளர்த்துக்கொள்ளலாம் என்பது டூமார்ஸின் கணக்கு. வீரரின் பின்னணியை எவ்வளவு குறைவாக விசாரித்தோம் என்பதை இந்தத் தேர்வுதான் கற்றுக்கொடுத்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

மெதுவாக வளர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் ஓட்டை. எங்கே வைத்து வளர்ப்பது?

அந்தக் கோடையில் டெட்ராய்ட்டுக்குப் பயிற்சியாளராக வந்தவர் லாரி பிரவுன். கூடைப்பந்து கண்ட மாபெரும் பயிற்சியாளர்களில் ஒருவர். புதுமுகங்களை நம்பாதவர் என்பதும் ஊரறிந்த விஷயம். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியைப் பயிற்றுவித்தபோது லெப்ரான், கார்மெலோ இருவரையும் பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்திருந்தார். அமெரிக்கா வெண்கலத்தோடு திரும்பியது. லெப்ரானுக்கே இடம் தராதவரிடம் வர்ஷாட்ஸிலிருந்து வந்த பையன் என்ன எதிர்பார்க்க முடியும்? போதாததற்கு அவரைப் போலவே கூடையருகே ஆடும் பென் வாலஸ் முன்னால் நின்றார், 2004 பிப்ரவரியில் ரஷீட் வாலஸும் வந்து சேர்ந்தார். லீகிலேயே மிக இறுக்கமான தடுப்பாட்ட அணி அது. பிரவுன் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பையை வெல்லக் கூலி வாங்கியவர், வென்று காட்டினார்.

எண்களைப் பாருங்கள். முதல் பருவத்தில் டார்கோ ஆடியது 34 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரி 4.7 நிமிடம். கூட்டினால் சுமார் 160 நிமிடங்கள். ஓர் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஆக, ஒரு பருவம் முழுவதும் சேர்த்து அவர் ஆடியது மூன்றரை ஆட்டத்துக்கும் குறைவு. அதே பருவத்தில் லெப்ரான் களத்தில் நின்றது 3,000 நிமிடங்களுக்கும் மேல். லெப்ரான் சராசரியாக 20.9 புள்ளிகள், கார்மெலோ 21.0. டார்கோ 1.4. இந்த மூன்று எண்களையும் அருகருகே அச்சிட்டுச் சிரித்தவர்கள் நிமிடங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் அச்சிடவில்லை.

அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது: ‘மனித வெற்றிச் சுருட்டு’. பாஸ்டன் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று உறுதியானதும் சுருட்டைப் பற்றவைப்பார். டெட்ராய்ட்டில் ஆட்டம் முடிந்த கதையானதும் டார்கோவை இறக்குவார்கள். இருபது புள்ளி முன்னிலையில் இருக்கும்போது ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். உற்சாகமாகத்தான் கத்தினார்கள், சந்தேகமில்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில், தனியே வந்து நிற்கும் 18 வயதுப் பையனின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? ஆட்டக்காரனாக வந்தவனைக் கேளிக்கைப் பொருளாக்கியது அந்தக் கூச்சல். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் பகுதி இதுதான்.

2004 ஜூனில் டெட்ராய்ட், ஷகில் ஓனீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேய்ட்டன் என்று நட்சத்திரங்கள் நிறைந்த லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றது. 19ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களுக்கு முன்பே டார்கோவின் விரலில் சாம்பியன் மோதிரம் உறுதியாகிவிட்டது. வெற்றி உறுதியான கடைசித் தருணத்தில் களமிறங்கிக் கை எலும்பை முறித்துக்கொண்டார். இரண்டாம் பருவத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2006 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்குக் கைமாற்றப்படும்வரை டெட்ராய்ட்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 96 ஆட்டங்கள், அத்தனையும் சில்லறை நிமிடங்கள்.

கிரிக்கெட்டில் ஒரு மாநில அணியின் இளைஞனுக்குத் தேசிய அணியில் இடமில்லையென்றால் ரஞ்சிக்குத் திரும்பிப் போய் ஆடலாம். டார்கோவுக்கு அப்படி ஒரு கீழ்த்தளம் இல்லை. என்பிஏவின் வளர்ச்சி லீக் 2001இலேயே தொடங்கிவிட்டது என்றாலும், அணிகள் தங்கள் இளைஞர்களை அங்கே அனுப்பி ஆடவைத்துத் திரும்ப அழைத்துக்கொள்ளும் முறை 2005-06 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அவருடைய இரண்டு பருவங்கள் பெஞ்சில் கரைந்துவிட்டன. ஐரோப்பாவில் இருந்திருந்தால் வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது உண்மையான ஆட்டம் ஆடியிருப்பார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவரை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டினால் அது அவருக்கே பிடிக்காது. விளையாட்டை விட்ட பிறகு தந்த நேர்காணல்களில் டார்கோ யாரையும் விரல் நீட்டவில்லை. தவறு தன்னுடையது, தான் தயாராக இருக்கவில்லை, எல்லோரோடும் சண்டை பிடித்தேன், குடித்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். கடவுள் அனுப்பிவைத்த ஆள் என்ற நினைப்பில் வந்தேன் என்ற பொருள்படவும் பேசியிருக்கிறார். நம்பத் தகுந்த வாக்குமூலம்தான். கோபக்காரர் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு: 2007 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் கிரீஸிடம் தோற்றதும் நடுவர்களைக் கேமரா முன்னாலேயே அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் திட்டி அபராதம் கட்டினார். இருந்தாலும், உழைத்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் ஒரு விடலைப் பையன் உழைப்பை விட்டுவிடுவதை நான் முழுக்க அவன் குணத்தின் மேல் ஏற்ற மாட்டேன். பயிற்சியில் எத்தனை நன்றாக ஆடினாலும் மறுநாள் ஐந்து நிமிடம்தான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஆர்லாண்டோவில் நிலைமை சற்றே திறந்தது. 2006-07 பருவத்தில் டுவைட் ஹோவர்ட்டின் பக்கத்தில் ஆடி, ஆட்டத்துக்கு 8 புள்ளி, 5.5 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். வயது 21. ஒழுங்காகப் போயிருந்தால் அங்கேயே வேர் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கோடையில் ரஷார்ட் லூயிஸைப் பெரும் தொகைக்கு வாங்க ஆர்லாண்டோவுக்குச் சம்பள வரம்பில் இடம் தேவைப்பட, டார்கோவை விட்டுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த இடம் மெம்ஃபிஸ். ஆமாம், ஓர் ஓட்டிஸ் தோர்ப்புக்காக அவரை எடுக்கும் உரிமையை இழந்த அதே அணி. அங்கிருந்து நியூயார்க், பிறகு மின்னசோட்டா. மின்னசோட்டாவில் 2010-11இல் 69 ஆட்டங்களில் 8.8 புள்ளி, 5.2 ரீபவுண்டு, 2 பிளாக் (எதிராளி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தடுப்பது). அவருடைய மிகச் சிறந்த பருவம் அதுதான். அந்த ஆண்டு மின்னசோட்டா வென்றது 17 ஆட்டங்கள். ஒரு மோசமான அணி தரக்கூடிய சுதந்திரம் அவருக்கு 25 வயதில்தான் கிடைத்தது. 18 வயதில் கிடைத்திருக்க வேண்டியது. 2012இல் பாஸ்டனுக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, நோயுற்ற தாயைக் கவனிக்க ஊர் திரும்பினார். மொத்தம் 468 ஆட்டங்கள், சராசரி 6 புள்ளி, 4.2 ரீபவுண்டு. 2014இல் ஒருமுறை கிக்பாக்ஸிங் மேடையேறித் தோற்றார். பிறகு விவசாயம்.

இப்போது இன்னொருவரைப் பக்கத்தில் வைக்கிறேன். அதே 2003 டிராஃப்டில் 27ஆவதாக எடுக்கப்பட்டவர் கென்ட்ரிக் பெர்கின்ஸ். அவரும் 18 வயது, பள்ளியிலிருந்து நேராக வந்தவர், அவரும் கூடையருகே ஆடும் உயரக்காரர். போய்ச் சேர்ந்தது பாஸ்டன். முதல் பருவத்தில் அவர் ஆடியது 10 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு மூன்று நான்கு நிமிடம். டார்கோவைவிடவும் குறைவு. ஆனால் 27ஆம் இடத்தில் வந்தவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. எந்த அரங்கமும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் பாஸ்டன் நொடித்துப்போனது. 2006-07இல் 24 வெற்றிகள்தான். அந்தத் தோல்விகளில் பெர்கின்ஸுக்கு ஆண்டுக்கு ஆண்டு நிமிடங்கள் கூடின. 2008இல் பாஸ்டன் கோப்பையை வென்றபோது தொடக்க ஐவரில் மைய ஆட்டக்காரர் அவர். அவருடைய வாழ்நாள் சராசரி 5.4 புள்ளி, 5.8 ரீபவுண்டு. புள்ளிக் கணக்கில் டார்கோவைவிடக் குறைவு. பெர்கின்ஸை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

எதிர்பார்ப்பு என்பது ஆட்டக்காரனின் கையில் இல்லாத கணக்கு. இரண்டாம் இடம் என்ற எண்ணை டார்கோ கேட்டு வாங்கவில்லை; குலுக்கலும், பழைய கடனும், நான்கைந்து பயிற்சி அமர்வுகளைப் பார்த்தவர்களின் கனவும் சேர்ந்து அதை அவர் சட்டையில் தைத்தன. அவருடைய மண்ணிலிருந்தே வந்த இன்னொருவரின் பாதை எதிர்த்திசையில் போனது. நோவி சாட் இருக்கும் அதே வொய்வோதினா மாகாணத்தின் சோம்போர் நகரில் பிறந்த நிக்கோலா யோகிச்சை 2014இல் டென்வர் 41ஆவது இடத்தில் எடுத்தது. இரண்டாம் சுற்று, பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. எடுத்த பிறகும் டென்வர் அவசரப்படவில்லை. இன்னும் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடிவிட்டு 20 வயதில் அமெரிக்கா வந்தார். முதல் பருவத்திலேயே 80 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 21 நிமிடத்துக்கு மேல். அணி அந்த ஆண்டு வென்றது 33 ஆட்டங்களே. மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும், 2023இல் டென்வருக்கு முதல் கோப்பையும் பிறகு வந்தன. யோகிச்சின் திறமை டார்கோவிடம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. கற்றுக்கொள்ளும் இடம் அவருக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை.

2005இல் லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வயது வரம்பு உயர்ந்தது. வெளிநாட்டு வீரர் டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயதை எட்டியிருக்க வேண்டும். இந்த விதி இரண்டு ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் டார்கோ 2003இல் வந்திருக்கவே முடியாது. வர்ஷாட்ஸில் மேலும் ஒரு பருவம் ஆடிவிட்டு 2004இல் வந்திருப்பார். அந்த ஆண்டு முதலிடம் வைத்திருந்தது 21 வெற்றிகளோடு தள்ளாடிய ஆர்லாண்டோ. இரண்டாம் இடம் அப்போதுதான் பிறந்த சார்லட் பாப்கேட்ஸ் அணிக்கு. ஆர்லாண்டோ எடுத்த டுவைட் ஹோவர்ட்டும் 18 வயதில் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்தான். முதல் பருவத்தின் 82 ஆட்டங்களிலும் அவரைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக 32 நிமிடங்களுக்கு மேல்.